அம்சவேணியின் பதினோரு வரிகள்

உள்ளறையிலிருந்து யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்தது. கரண்ட் போய்விட்டது.

“அக்கா, உன் பொட்டி கத்துது,” என்றாள் கல்பனா, அழுகைக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“கத்தட்டும். நீ சொல்லு. யாரு உன்னத் திருடின்னு சொன்னது?”

“வாயால யாரும் சொல்லலக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ‘உன் மச்சான் எதுத்த ஃபேக்டரிலதானே வேல செய்றாரு’ன்னு கேக்கறாங்க. வந்த மெயில அழிச்சிட்டு ஆர்டர அங்க தள்ளி உட்டியான்னு கேக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள ஒத்துக்கினு எழுதிக் குடுத்தா வேலையோட போயிடுமாம். இல்லாங்காட்டி போலீசாம்.”

சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் உடைந்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நகரி. சித்தூரில் ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னால் அந்தச் சொல் மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே நகரிக்குப் போய் இறங்கிவிடும். யார் போய் அங்கே விளக்கம் சொல்வது?

அம்சவேணி எழுந்திருக்கவில்லை. யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். காலையிலிருந்து செய்த வேலை சேமிக்கப்படாமல் திரையில் கிடக்கிறது. இருந்தாலும் அவள் கல்பனாவின் கையை விடவில்லை. அந்தக் கைதானே அவளுக்குக் கம்பெனி வேலையை வாங்கிக் கொடுத்தது!

கல்பனா கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். “ஹாலந்துக்காரன் அனுப்புன ஃபேக்ஸு. இத மூஞ்சி மேல தூக்கிப் போட்டாங்கக்கா.”

ஆங்கிலத்தில் சில வரிகள்தான். ‘உங்கள் வெப்சைட் மூலம் தொடர்புகொள்ள சென்ற வாரம் மூன்று முறை முயன்றேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அலுவலகம் வந்ததும். புதன்கிழமை மதிய உணவின்போது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. பயனில்லை. இந்தப் பருவத்துக்கு வேறிடத்தில் மாங்கூழ் வாங்கிக்கொண்டேன்.’

அம்சவேணி அதை இரண்டு முறை படித்தாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யு.பி.எஸ். மட்டும் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

இது நடந்தது 2004 ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சித்தூர் சாலையெல்லாம் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நின்ற நாட்களில்.

அம்சவேணிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பிறந்தது நகரிக்குப் பக்கத்தில், வேர்க்கடலையும் கரும்பும் போடும் தமிழ்க் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது லாரி டிரைவர் கோவர்த்தனனுக்கு. ஊர்களே மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. படித்தவன் பெங்களூருக்குப் போனான், படிக்காதவன் குவைத்துக்குப் போனான். தொண்ணூற்றெட்டில் கோவர்த்தனனும் போனான். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் இரண்டு அறை வாடகை வீட்டில் அம்சவேணி மட்டும் மிச்சமானாள்.

இருக்கிற இடத்தில் இருக்க முடியாத மனது அவளுக்கு. கூட்டிய வீட்டையே மறுபடி கூட்டுவாள். வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஒருநாள் செய்தித்தாளில் விளம்பரம் பார்த்தாள். திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், ஆறு மாதத்தில் வெப் டிசைன். வெப் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் சென்டர்காரன் சொன்ன ஒரு வாக்கியம் அவளைப் பிடித்துக்கொண்டது: “மேடம், நீங்க இங்க ஒரு பக்கம் செஞ்சி வெச்சா, குவைத்துல இருக்கறவங்க அங்கிருந்தே தொறந்து பாக்கலாம்.”

அவளால் போக முடியாத இடத்துக்கு அவள் செய்த பக்கம் போகும்! அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்?

வாரத்தில் மூன்று நாள் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ். சென்டரில் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைக்கும். அதை யோசிப்பதற்குச் செலவழிக்க மனம் வராமல், பஸ்ஸிலேயே நோட்டை மடியில் வைத்து பென்சிலால் வரி வரியாக எழுதுவாள். புதலப்பட்டில் ஆரம்பித்தால் சந்திரகிரி தாண்டுவதற்குள் ஒரு பக்கம் முடியும். பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி, “இன்னாம்மா, ஏதாச்சும் வேண்டுதலா, எழுதிக்கினே வரியே?” என்று கேட்டாள். அப்படிக் கேட்டுச் சிரித்தவள்தான் கல்பனா. அவளும் அதே சென்டருக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள்.

அம்சவேணி செய்த முதல் பக்கத்தில் ஒரு ரோஜாப் படம், அதன்கீழ் அவள் பெயர், அவ்வளவுதான். குவைத் நெட் சென்டரில் அது முழுதாகத் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்ததாகக் கோவர்த்தனன் போனில் சொன்னான். பிறகு, “ரெண்டு தடவ குடிச்சேன் வேணி. ரெண்டாவது தடவையும் தொறந்து பாத்தேன்,” என்றான். அவள் அன்று முழுக்க அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

ஆனால் அந்தப் படிப்பு அவளை நிம்மதியாக இருக்க விட்டதா? அதுதான் இல்லை.

பக்கத்தைச் சட்டம் சட்டமாகப் பிரித்துக் கட்டக் கற்றாள். அடுத்த வருடமே அது பழசு என்றார்கள். கட்டம் போட்டு அடுக்கக் கற்றாள். அதுவும் தப்பு, அலங்காரத்தை எல்லாம் தனிக் கோப்பில் எழுத வேண்டும் என்றார்கள். யார் சொன்னார்கள்? முகம் தெரியாத யாரோ, எந்தத் தேசத்திலோ உட்கார்ந்துகொண்டு! அவள் நெட் சென்டருக்குப் போய் நல்ல நல்ல வெப்சைட்டுகளின் உள்வரிகளை ஃப்ளாப்பியில் சேமித்துக்கொண்டு வருவாள். ஊறுகாய் ஜாடி மாதிரி அந்த ஃப்ளாப்பிகளைத் தேதி எழுதி அடுக்கி வைத்து, ஒன்றொன்றாகத் திறந்து, எப்படிச் செய்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பாள். திருப்பதி லாட்ஜ் ஒன்றின் வெப்சைட்டை, லாட்ஜ்காரர் கேட்காமலே மூன்று முறை மாற்றிக் கட்டினாள். வீட்டுக்காரம்மா மணியம்மா படியேறும்போதெல்லாம், “புருஷன் அனுப்புறத துன்னுட்டு சும்மா இருக்கக்கூடாதா? பொட்டியக் கட்டிக்கினு மாரடிக்குது,” என்று காதில் விழும்படி சொல்லுவாள்.

கல்பனாவுக்கு ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில், வரும் மெயில்களை அச்செடுத்து முதலாளி மேஜையில் வைக்கும் வேலை கிடைத்தது. அவள்தான் முதலாளி கங்கையாவிடம் சொல்லி, கம்பெனி வெப்சைட்டை அம்சவேணிக்கு வாங்கிக் கொடுத்தாள்.

கங்கையா நல்ல மனிதர். ஆனால் ராகு காலத்தில் கையெழுத்துப் போட மாட்டார், காசோலை வாங்க மாட்டார், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார் என்று ஃபேக்டரியில் சொல்லிச் சிரிப்பார்கள். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வெப்சைட் வழியாக ஒரு விசாரணை வந்தது. அந்த ஆர்டர் கடைசியில் முறிந்துபோனது. அவ்வளவுதான், மருமகன் சிட்டிபாபுவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்: “ராகு காலத்துல எந்த விசாரணையும் உள்ள வரக்கூடாது. எழுதி அனுப்பற ஃபாரம், மெயில் விலாசம், ரெண்டும் அந்த ஒன்றரை மணி நேரம் மறஞ்சிருக்கணும்.”

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அம்சவேணி சிரிக்கவில்லை. நாலு நாள் தூங்காமல் ஜாவா ஸ்கிரிப்டில் பதினோரு வரி எழுதினாள். எங்கிருந்தும் எடுத்து ஒட்டாமல், யாருடைய ஃப்ளாப்பியையும் பார்க்காமல், அவளே யோசித்து எழுதிய முதல் பதினோரு வரிகள் அவை. ஞாயிறு நாலரை முதல் ஆறு, திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று ஏழு நாளுக்கும் கணக்குப் பிசகாமல் ஃபாரம் மறைந்து, அந்த இடத்தில் பிள்ளையார் படம் வந்து வந்து போனது. காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சோதித்தாள். பெற்ற பிள்ளை நடப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புவோம். கல்பனா தேம்பிக்கொண்டிருக்க, டெலிபோன் மணி அடித்தது. குவைத்தில் விடுமுறையான வெள்ளிதோறும் கூப்பிடும் கோவர்த்தனன்தான்.

“வேணி, நெட் சென்டர்லேருந்து பேசறேன். நம்ம ரூம் பசங்களுக்கு உன் மாங்கூழ் வெப்சைட்டக் காட்டிக்கினு இருக்கேன். ‘எங்க வீட்டுக்காரி செஞ்சது, இதுல எழுதுனா சித்தூருக்கே போவும்’னு சவடாலா சொன்னேன். எழுதற எடத்தையே காணோம். மானம் போவுது.”

“சரியாப் பாருங்க. இப்ப ஃபாரம் இருக்கற நேரம்தான்.”

“நாலு தடவ பாத்தாச்சி. புள்ளையார் படம் மட்டும்தான் இருக்குது.”

அம்சவேணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்கே முடிந்துவிட்டதே!

“அங்க இப்ப மணி இன்னா?” என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“பதினொண்ணேகால்.”

அவள் கையிலிருந்த ஃபேக்ஸ் தாளை மறுபடி கண்முன் பிடித்தாள். திங்கள் காலை எட்டு மணி. புதன் மதிய உணவு. வெள்ளி பதினொரு மணி. ஏழரையிலிருந்து ஒன்பது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு. தெய்வமே!

ரிசீவரைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். யு.பி.எஸ். இப்போது மூச்சுவிடாமல் கத்தியது. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைத் தட்டி, நேரத்தைப் பதினொன்றேகால் ஆக்கினாள். தன்னிடம் இருந்த பக்கத்தைத் திறந்தாள்.

ஃபாரம் இல்லை.

அவள் செய்த பக்கம் சித்தூரிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. பார்ப்பவனுடைய கம்ப்யூட்டருக்கே போய், அவனுடைய கடிகாரத்தைப் பார்த்துத்தான் கதவைச் சாத்தியது. குவைத்தில் குவைத் மணிக்கு, ஹாலந்தில் ஹாலந்து மணிக்கு. சித்தூரில் சோதித்தவளுக்கு அது எப்படித் தெரியும்? திரை ஒரு துடிப்புத் துடித்து அணைந்தது. வீடு அமைதியானது.

“இன்னாக்கா ஆச்சி?” என்று ஹாலிலிருந்து கல்பனா குரல் கொடுத்தாள்.

அம்சவேணி கதவருகே வந்து நின்றாள். அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். தொண்டையில் வந்து நின்ற அந்த வாக்கியத்தை என்ன சனியன் பிடித்து இழுத்ததோ!

“ஒண்ணுமில்லடி. வேலையெல்லாம் போச்சி. நீ மோர் குடிக்கிறியா?”

கல்பனா மோர் குடித்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை கரண்ட் வந்ததும், அம்சவேணி அந்தப் பதினோரு வரிகளையும் நீக்கிவிட்டு மோடத்தைப் போட்டாள். புதிய பக்கத்தை ஏற்றிவிட்டால் தப்பு நடந்த தடமே இருக்காது. யாருக்குத் தெரியும்? இந்தச் சித்தூரில் அதைக் கண்டுபிடிக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். இணைப்பும் கிடைத்தது. விரலும் மவுஸின்மேல் இருந்தது. ஒரு தட்டு போதும்.

தட்டினால் அவள் பிழைப்பாள். கல்பனா காலமெல்லாம் திருடி.

மோடம் கம்பியைப் பிடுங்கிப் போட்டாள். எழுந்து நடந்தாள். கூட்டிய வீட்டைக் கூட்டினாள். விடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தனக்குத் தெரிந்த தெலுங்கில் கங்கையாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு சிட்டிபாபுவுக்குப் போன் செய்தாள்.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு. மாமனார் கங்கையாவுக்கேற்ற மருமகனல்லவா? சிட்டிபாபு பதினொரு மணிக்குத்தான் வந்தார்.

“ஏமம்மா அம்சவேணி, அப்படி என்ன அவசரம்? நானே வரணும்னு இருந்தேன். மாமகாருக்கு இப்ப ஃப்ளாஷ் வேணுமாம். பக்கம் தொறந்ததும் மாம்பழம் ஆடணும், இலை அசையணும். எதுத்த ஃபேக்டரி வெப்சைட்ல பூமி சுத்துதாம், அதுல அவருக்குத் தூக்கம் இல்ல. திருப்பதில அவரு தம்பியோட ஓட்டலுக்கும் நீயே செய்யணும்னு சொல்லிட்டாரு.”

அம்சவேணி மேஜையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். ஒரு வருடமாக ஃப்ளாஷ் கற்றுக்கொண்டிருக்கிறாள். பட்டாம்பூச்சியும் மயிலும் செய்து, காட்ட ஆளில்லாமல் வைத்திருக்கிறாள். கேட்க ஒரு ஆள் வந்தது இன்றைக்குத்தானா?

“சார், கொஞ்சம் உள்ள வந்து இதப் பாருங்க. இப்ப ஃபாரம் இருக்குதா?”

“இருக்குது.”

கடிகாரத்தை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாற்றி, பக்கத்தை மறுபடி திறந்தாள். “இப்ப?”

“பலே! கரெக்டா மூடிக்கிச்சே!”

“மூடறது கரெக்ட்தான் சார். யாரு கடியாரத்தப் பாத்து மூடுதுங்கறதுதான் தப்பு.” ஃபேக்ஸில் இருந்த மூன்று கிழமைகளையும் மூன்று நேரங்களையும் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். மூன்று முறையும் பிள்ளையார் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

சிட்டிபாபு ஃபேக்ஸையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மாமகாரு இதக் கேட்டா என்ன சொல்வாரு தெரியுமா? ‘ஹாலந்துல சூரியன் உதிக்கற நேரத்துக்கு ஹாலந்து ராகு. பொண்ணு சாஸ்திரப்படி செஞ்சிருக்கா’ன்னு உனக்கு சால்வ போடுவாரு!”

“போடட்டும் சார். கல்பனா மேல போட்ட பழிய மொதல்ல எடுத்துட்டுப் போடட்டும்.”

அவர் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தாழ்ந்தது.

“இங்க பாரும்மா. இத டெஸ்ட் பண்ணது யாருன்னு அவரு கேப்பாரு. ‘நானே பத்து நாள் பாத்தேன்’னு சொல்லி வெச்சிருக்கேன். நெஜத்துல ஒரு நாள்கூடப் பாக்கல. ஒரு வார்த்த பேசுனா, ‘அல்லுடு, மாப்பிள்ள’ன்னு கூப்புடற வாயாலயே ‘வெளியே போடா’ம்பாரு. நீ சத்தமில்லாம சரி பண்ணிடு. கல்பனாவ நான் வேற எங்கயாவது சேத்து உடறேன்.”

“திருடின்னு எழுதி வாங்கிக்கினு அனுப்புன பொண்ண எந்த எடத்துல சார் சேப்பீங்க?”

அம்சவேணி கடிதத்தை நீட்டினாள்.

“இத நீங்க குடுங்க. இல்லாங்காட்டி திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு ஃபேக்டரி கேட்ல நானே நிப்பேன்.”

“ஒம்போது மணிக்கா?”

“அதுக்கு முன்னாடி குடுத்தா அவரு கையால வாங்க மாட்டாரே.”

சிட்டிபாபு கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். “இதுல என் பேரு இல்லியே?”

“பதினோரு வரியும் நான் எழுதினது சார். நீங்க எழுதலியே.”

அந்த வார்த்தைதான் அவரை எங்கேயோ தொட்டிருக்க வேண்டும். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். செல்போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

“கல்பனா? சிட்டிபாபு பேசறேன். நீ ஒண்ணும் எழுதித் தர வேணாம்மா. திங்கக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வா. தப்பு மெஷின்ல இருந்துச்சி. மாமகாருகிட்ட நான் சொல்லிக்கறேன். இரு, உங்க அக்கா பேசுவாங்க.”

அம்சவேணி போனைக் காதில் வைத்தாள்.

“அக்கா... மெஷின்ல எப்பக்கா கண்டுபுடிச்ச?”

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி கடந்து போகட்டும் என்று அம்சவேணி காத்திருந்தாள்.

“நேத்து. நீ ஹால்ல உக்காந்துக்கினு இருந்தப்பவே.”

கல்பனா திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். போன் மெல்லத் துண்டிக்கப்பட்டது.

சிட்டிபாபு எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“இதப் படிச்சப்பறம் மாமகாரு வெப்சைட்ட உன் கையில உட மாட்டாரும்மா. பெங்களூர்ல ஒரு கம்பெனி கேட்டுக்கினே இருக்குது.”

“தெரியும் சார்.” உள்ளே போய், பாஸ்வேர்டு எழுதிய சீட்டையும் கம்பெனிப் பக்கங்கள் இருந்த ஃப்ளாப்பிகளையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். “அந்தப் பதினோரு வரிய மட்டும் மொதல்ல எடுக்கச் சொல்லுங்க. ராகு காலம் கட்டாயம் வேணும்னா, பக்கத்த அனுப்புற கம்ப்யூட்டர்லயே மணி பாக்கற மாதிரி எழுதணும். அது எப்படின்னு எனக்கு இன்னும் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“நீ கத்துக்க மாட்டியா?”

“கத்துக்குவேன். அதுக்குள்ள அதுவும் பழசாயிடும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். தெருவில் ஜீப் கிளம்பி, மாங்காய் லாரிகளுக்கு நடுவே வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் திருப்பம் தாண்டும்வரை அம்சவேணி வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.